கூப்பிடாமலே உள்ளே போன லெயார்கோ

என் தம்பி லெயார்கோவின் பெயரை ஊர்ச் சதுக்கத்தில் ஒரு சலவைக்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சர்வாதிகாரத்துக்குத் தலைவணங்காதவன், தன் காலாலேயே சிறைக்கு நடந்து போனவன் என்று அதில் இருக்கிறதாம். எனக்குப் படிக்கத் தெரியாது. திறப்பு விழாவில் மேயர் வாசித்துக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. தன் காலால் நடந்து போனான் என்பது மட்டும் சரி. மற்றதெல்லாம் அவர்களாகச் சேர்த்தது. போரின் நடுவில் சதுப்புக் காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்து, அவனைத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் மண்ணுக்குள் போன பிறகு வந்த கல் அது. நான் அவனோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவள். நடந்ததைச் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் போய்க் கல்லைப் படித்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் ஃபோஸ்ஸவேர்தே ரவென்னா நகரத்துக்கு வடக்கே சதுப்பில் கிடக்கிறது. ஆறு மேலே ஓடும், ஊர் கீழே இருக்கும். கரை நின்றால்தான் ஊர் நிற்கும். அதனால் ஊர் ஆண்களுக்கெல்லாம் ஒரே வேலை, கரைக்கு மண் தள்ளுவது. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியும் மண்வெட்டியும்தான் சொத்து. அப்பா இறந்ததும் லெயார்கோ அவருடைய வண்டியைப் பிடித்தான். அப்போது வண்டிதான் அவனை இழுத்துக்கொண்டு போகும். கொஞ்ச வருஷத்தில் எங்கிருந்து வந்ததோ அந்த உயரம், கரையோரத்து பாப்ளர் மரம்போல நிமிர்ந்துவிட்டான். தேவாலயத்தில் நின்றால் பின்னால் இருக்கிறவர்களுக்குப் பாதிரியார் தெரியமாட்டார்.

அந்த உயரம்தான் அவனைக் கெடுத்தது. மண் தள்ளுகிறவர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்திருந்தார்கள். சங்கத்துக்கு ஒரு சிவப்புக் கொடி. மே முதல் தேதி ஊர்வலத்தில் கொடியை யார் பிடிப்பது என்று பேச்சு வந்தபோது, "லெயார்கோ பிடிக்கட்டும்டா. அவன் கையில இருந்தா அடுத்த ஊருக்கும் தெரியும்" என்றார்கள். இவனும் பிடித்தான். கொள்கை, சித்தாந்தம் எல்லாம் அவனுக்கு எட்டாது. ஒருநாள் சாப்பிடும்போது என்னைக் கேட்டான்.

"அக்கா, முதலாளித்துவம் முதலாளித்துவம்கிறாங்களே, அப்படின்னா என்னக்கா?"

"நிலத்துக்காரன் வண்டியில ஏறிப் போறான், நீ வண்டியத் தள்ளிக்கிட்டுப் போற. அதுதான்டா."

"இதுக்கா இத்தனை பெரிய வார்த்தை?" என்று கேட்டுவிட்டு இன்னொரு துண்டு சோளக்களியை எடுத்துக்கொண்டான். அவனுடைய அரசியல் அவ்வளவுதான்.

பிறகு கறுப்புச் சட்டைக்காரர்கள் லாரிகளில் வந்தார்கள், பின்னால் சர்வாதிகாரம் செய்த கட்சியின் அடியாட்கள். எல்லாம் நகரத்துப் பையன்கள். பெட்ரோலும் தடியும் கொண்டு வந்திருந்தார்கள். சங்கக் கட்டடம் எரிந்தது. கணக்குப் பிள்ளையின் மேஜை, நாற்காலி, பாண்டு வாத்தியம், எல்லாம் எரிந்தது. சதுக்கத்தில் ஆண்களை நிற்கவைத்து, "கொடி பிடிச்சவன் எவன்?" என்று கேட்டார்கள். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லோர் தலைக்கும் மேலே ஒரு தலை நின்றது, அதையே பிடித்துக்கொண்டார்கள். புனலை வாயில் செருகி விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். கால்சட்டையின் கீழ்ப்பக்கத்தைக் கணுக்காலோடு கயிற்றால் கட்டிவிட்டு, ஊரைச் சுற்றி நடக்கவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தான். நான் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன், துணியை வாய்க்காலில் அலசினேன். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அழுவான், கத்துவான், யாரையாவது கொல்லப் போகிறேன் என்று மண்வெட்டியைத் தூக்குவான் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, வண்டிச் சக்கரத்துக்கு மசகு போடணும்" என்றான். அன்றைக்கு அவனுக்குள் ஏதோ ஒன்று மரத்துப்போனது, பிறகு திரும்ப வரவே இல்லை. கொஞ்ச காலத்தில் அவன் பெண்டாட்டியும் காய்ச்சலில் இறந்தாள். அதற்கும் அப்படியே உட்கார்ந்திருந்தான். சின்னக் குழந்தையாக இருந்த அவர்கள் மகள் ஈரிதேயை நான் வளர்த்தேன். என் புருஷனும் முன்பே போய்விட்டதால் எனக்கும் வேறு வேலை இல்லை.

எண்ணெய் ஊற்றியதோடு விடவில்லை. காவல் நிலையப் பதிவேட்டில் அவன் பெயர் சிவப்புக் கொடிக்காரன் என்று ஏறிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் மே முதல் தேதிக்கு முந்தின நாள் இரண்டு காவலர்கள் வந்து அழைத்துப் போவார்கள். ரோமாபுரியிலிருந்து யாராவது பெரிய மனிதர் சதுப்புத் தண்ணீரை இறைக்கிற பம்ப் வீட்டைத் திறக்க வந்தாலும் அப்படித்தான். அவர் ரயிலேறிப் போகும்வரை இவன் உள்ளே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் இப்படி நாலு பேர் இருந்தார்கள். இவன் என்ன செய்துவிடுவான்? ஒன்றும் செய்யமாட்டான் என்று அவர்களுக்கும் தெரியும்.

முதலில் நான் காவலர்களை வாசலில் நிற்கவைத்துத் திட்டுவேன். பிறகு திட்டுவதற்கும் அலுத்துப்போனது. "உள்ள வாங்கப்பா, ஒரு வாய் ஒயின் குடிச்சிட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். கம்பளிக் காலுறை, சோப்பு, ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி, சீட்டுக்கட்டு என்று மூட்டையை நானே கட்டிவைப்பேன். இலையுதிர்காலத்தில் ஆறு ஏறும், மேயில் லெயார்கோ உள்ளே போவான். ஊரில் அப்படித்தான் பேசினார்கள்.

ஈரிதே பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், காவலர்கள் வந்த மறுநாள் மற்றப் பெண்கள் அவளைச் சீண்டினார்கள். அழுதுகொண்டு வந்தாள். அதை லெயார்கோ பார்த்தான். அடுத்த முறை காவலர்கள் வருவதற்கு முன்பே மூட்டையை எடுத்துக்கொண்டு தானே போய்விட்டான். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கடைசி ஏப்ரல் நாள் கரையிலிருந்து வருவான், காலைக் கழுவுவான், சாப்பிடுவான், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒயின் கடையைத் தாண்டி நடப்பான். கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் அவன் போகும்போது சீட்டைப் பார்ப்பார்கள், கோப்பையைப் பார்ப்பார்கள், அவனை மட்டும் பார்க்கமாட்டார்கள். பார்த்தால் அவர்களுக்கும் வம்பு.

நிலையத்துத் தலைவரை நாங்கள் மரேஷால்லோ என்போம். தெற்கத்தி ஆள், தோட்டப் பைத்தியம். லெயார்கோ வரும் நேரமும் தக்காளி நாற்று நடும் நேரமும் ஒன்று. "வாய்யா, வா. நீ வந்தாத்தான் எனக்கு வெயில்காலமே ஆரம்பிக்குது" என்பாராம். இவன் அறைக்குள் இருந்ததைவிடத் தோட்டத்தில் இருந்ததுதான் அதிகம்.

வருஷங்கள் இப்படியே போயின. ஈரிதே வளர்ந்தாள். மில்காரர் க்ளேத்தோவின் மகன் நுல்லோவுக்கு அவள்மேல் பிரியம். அவளுக்கும்தான். நல்ல பையன், மாவு படிந்த கண்ணிமை, வாய் அதிகம் பேசாது. ஆனால் அவனுடைய அப்பா கோட்டில் மூட்டைப்பூச்சி குத்தியவர். கட்சிச் சின்னத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அவர்கள் காதில் விழாமல். தேர்தல் என்று சொல்லி ஒரே பெயர்ப்பட்டியலைக் கொடுத்து ஆமாம் போடு என்று ஊரையே வரிசையில் நிற்கவைத்தார்களே, அந்த வசந்தத்தில் க்ளேத்தோ எங்கள் வீட்டுக்கு வந்தார். வட்ட ரொட்டியும் ஒயினும் வைத்தேன். ரொட்டியை ஒயினில் தோய்த்துத் தின்றுகொண்டே பேசினார்.

"அர்ஜியாக்கா, உங்க வீட்டுப் பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்ல. என் மகனும் வேற எவளையும் கட்டமாட்டேங்கிறான். ஆனா வருஷா வருஷம் சம்பந்தி மூட்டையத் தூக்கிக்கிட்டு உள்ள போனா, நான் கட்சி ஆபீசுல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?"

"மூஞ்சி உங்களது. நாங்க என்ன செய்யறது?" என்றேன்.

"இருங்கக்கா, கோவப்படாதீங்க. நான் செயலாளர்கிட்ட பேசிட்டேன். இந்த வருஷத்துல இருந்து லெயார்கோவைக் கூப்பிடமாட்டாங்க. பதிலுக்கு ஒண்ணே ஒண்ணுதான். ஒண்ணாம் தேதி எல்லாரையும் போல வண்டியத் தள்ளிக்கிட்டு வேலைக்குப் போகணும். மே தினம் கொண்டாடற மாதிரி நல்ல சட்டை போடக்கூடாது, கழுத்துல சிவப்புக் கைக்குட்டை கூடாது. கரையில நிக்கிறத நாலு பேர் பார்த்தாப் போதும். கோதுமை அறுப்புக்கு முன்னாடி கல்யாணம்."

"உறுப்பினர் அட்டை வாங்கச் சொல்லுவீங்களோன்னு பார்த்தேன்."

"அந்த உயரத்துக்குக் கறுப்புச் சட்டை தைக்கத் துணி எங்க இருக்கு?" என்று சிரித்தார். ஈரிதேயும் சிரித்தாள். லெயார்கோ தலையை ஆட்டினான். "சரி" என்றான். "வேலைக்குத்தானே? போறேன்."

க்ளேத்தோ நல்ல ஆளா கெட்ட ஆளா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மகனுக்காக அந்த ஆபீசில் போய்க் கை கட்டி நின்றிருக்கிறார். அதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

ஊர் முழுவதும் செய்தி பரவியது. லெயார்கோவுக்கு இந்த மே உள்ளே கிடையாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஈரிதே பெட்டியைத் திறந்து, நாங்கள் இருவரும் குளிர்காலமெல்லாம் சணல் நூலில் நெய்த விரிப்புகளை வெயிலில் போட்டு மடித்தாள். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு எழுத்துத் தைத்தாள். எனக்கு எழுத்து தெரியாவிட்டாலும் நுல்லோவின் எழுத்து எது என்று தெரியும். அதைத் தைக்கும்போது மட்டும் அவள் நாக்கு வெளியே வரும்.

கடைசி ஏப்ரல் நாள் வந்தது. லெயார்கோ கரையிலிருந்து வந்து காலைக் கழுவினான்.

"அப்பா, நாளைக்கு வேலைக்கு. நெனப்பு இருக்கில்ல?"

"இருக்கும்மா."

"எந்தச் சட்டை?"

"ஒட்டுப்போட்டது."

"எங்க போவ?"

"கரைக்கு. எத்தனை தடவைடி கேப்ப?"

அவள் சிரித்துக்கொண்டே விரிப்புகளை எடுக்கக் கொல்லைக்குப் போனாள். நான் மறுநாள் ரொட்டிக்குப் புளித்த மாவு வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவன் சோளக்களி தின்றுகொண்டிருந்தான். நான் திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது, கழுவி வைத்திருந்தான். ஆணியில் தொங்கும் மூட்டைத் துணி இல்லை. அந்த வருஷம் நான் மூட்டை கட்டவே இல்லை. அவனே கட்டியிருக்கிறான்.

தெருவுக்கு ஓடினேன். சூரியன் இன்னும் இருந்தது. அவன் ஒயின் கடையை நெருங்கிவிட்டான். அந்த நடை எனக்குத் தெரியும், ஏற்றிய வண்டியைத் தள்ளுகிறவனின் நடை. கண் முன்னால் எதையும் பார்க்காது. கடைக்கு வெளியே மண் தள்ளுகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். க்ளேத்தோவும் இருந்தார். எல்லோருக்கும் தெரியும், இவனை யாரும் கூப்பிடவில்லை, போகத் தேவையில்லை. ஆனாலும் மூட்டையோடு போகிறான். அப்படியானால் என்ன அர்த்தம்? ஒரு கிழவர் முதலில் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். இத்தனை வருஷம் கோப்பைக்குள் கண்ணை வைத்திருந்தவர்கள் அன்றைக்கு அவனை நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் யாரையும் கவனிக்கவில்லை. க்ளேத்தோ மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் அவருடைய மாவைவிட வெளுத்திருந்தது.

நான் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மரேஷால்லோ வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"யோவ், உன்ன எவன்யா கூப்பிட்டான்?"

"நாளைக்கு ஒண்ணாம் தேதிங்கய்யா."

"ஒண்ணாம் தேதின்னா? இந்த வருஷம் நீ வேணாம்! சொல்லல உனக்கு?"

லெயார்கோ மூட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தோட்டத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை, வாய் மட்டும் கொஞ்சம் திறந்தது.

"கால் வந்துடுச்சு அக்கா" என்றான்.

"கால் வந்துச்சுன்னா அதே கால்ல திரும்புடா, மடையா! நட வீட்டுக்கு!" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கூட்டிட்டுப் போங்கம்மா, சீக்கிரம்" என்றார் மரேஷால்லோ. சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே டெலிபோன் அடித்தது. போய்ப் பேசிவிட்டு வந்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார். "முடியாது இனிமே. கட்சி ஆபீசுல இருந்து. 'நாங்க மன்னிச்சு விட்டோம், அவன் ஊரையே எழுப்பி நிக்கவச்சுத் தொப்பி கழட்ட வைக்கிறானா'ன்னு கேக்கறாங்க. உள்ள வாய்யா."

உள்ளே போனான். அந்த முறை தோட்டத்துக்குக்கூட விடவில்லை. ஈரிதே அன்றைக்கு விரிப்புகளைப் பெட்டியில் வைத்து மூடினாள், சாப்பிட்டாள், தூங்கினாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. அப்படியே அவள் அப்பன் சுவரைப் பார்த்து உட்கார்ந்த மாதிரி இருந்தாள்.

அவனை வெளியே விட்ட பிறகு நுல்லோ வந்தான். அடுப்பங்கரையில் நின்றுகொண்டே பேசினான்.

"மாமா, அப்பாவைக் கரைச்சுப் பார்த்தேன். ஒரு வழி சொல்றாரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஒயின் கடையில எல்லாரும் இருக்கும்போது நீங்க வந்து சொல்லணும். வேணும்னு போகல, மறந்துபோய்ப் போயிட்டேன்னு. அது போதுமாம்."

"அதுதானே நடந்துச்சு" என்றான் லெயார்கோ.

"அதையே சொல்லுங்க மாமா."

ஞாயிற்றுக்கிழமை போனான். ஈரிதேயும் நானும் கிணற்றடியில் நின்று பார்த்தோம். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றான். ஊர்க்கூட்டத்தில் அவன் வாய் திறந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"நான் வேணும்னு போகல" என்றான். "பழக்கத்துல போயிட்டேன். கால் பழகிடுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

இது அத்தனையும் சத்தியம். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு அன்றைக்கு முதலில் எழுந்த அந்தக் கிழவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"கேட்டீங்களாடா? பழக்கமாம்! 'உங்க ஜெயில் எங்களுக்குப் பழகிப்போச்சு'ன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்றான்டா!"

கடையே சிரித்தது. எத்தனை வருஷமாக அடக்கிய சிரிப்போ. ஒருவன் அவன் முதுகைத் தட்டினான். ஒருவன் ஒயின் ஊற்றிக் கொடுத்தான். லெயார்கோ, "இல்ல, இல்லப்பா, நெசமாத்தான்" என்றான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. க்ளேத்தோ கோப்பையை மேஜையில் வைத்தார், கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். எங்கள் பக்கம் வந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார், "என்னால ஆனதச் செஞ்சேன் அக்கா." கல்யாணப் பேச்சு அங்கே முடிந்தது.

இப்போது கல்லில் வெட்டியிருப்பது அந்தக் கடைச் சிரிப்பைத்தான். அன்றைக்குச் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் வெட்டியது.

நுல்லோ அப்பனை மீறவில்லை. அவனைக் குறை சொல்லமாட்டேன், மில்லை விட்டால் அவனுக்கு எங்கே சோறு? அடுத்த வருஷம் அவனை அப்பிசீனியாவில் சண்டைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தான், வேறு ஒருத்தியைக் கட்டினான்.

நெல் வயலில் களை எடுக்க வெர்ச்செல்லிப் பக்கம் போகும் பெண்களோடு ஈரிதேயும் புறப்பட்டாள். களையெடுப்பு முடிந்தால் எல்லோரும் திரும்புவார்கள். இவள் சணல் விரிப்புகளையும் எடுத்துக்கொண்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. லாரி வரும் நேரம். லெயார்கோ வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏம்ப்பா போன?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அவன் நிஜமாகவே யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். "தெரியலம்மா" என்றான்.

"சரி" என்றாள். லாரி ஏறினாள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கரைக்குப் போனான்.

அங்கேயே ரயிலடியில் வேலை செய்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டாள். முதல் குழந்தை பிறந்தபோது நான் போயிருந்தேன். அரிசிக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி எப்படி இருக்கிறாள், கோழி முட்டையிடுகிறதா, கரை இந்த வருஷம் தாங்கியதா என்று எல்லாவற்றையும் விசாரித்தாள். ஒன்றை மட்டும் விசாரிக்கவில்லை. நானும் பார்த்தேன், பார்த்தேன், கஞ்சி ஆறிப்போனது.

"அவன் நல்லாத்தான் இருக்கான்" என்றேன்.

"நான் கேக்கலியே அத்தை."

"நீ கேக்கலன்னா என்ன? நான் சொல்றேன். இருமல் கொஞ்சம் இருக்கு. சாப்பிடறான்."

ஈரிதே குழந்தையைத் தோள் மாற்றினாள். "ஆறிடுச்சு, குடுங்க, சூடு பண்ணிட்டு வரேன்" என்று என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள்.